குளுக்கோஸ் ஒன்றுக்கு ஏடிபி 38-ஆ, 32-ஆ, 30-ஆ? தசமம் எங்கிருந்து வருகிறது?

கேள்வி: பாலாற்றங்கரை

பல பள்ளிப் புத்தகங்களில் ஒரு குளுக்கோசுக்கு 38 ஏடிபி (செல்லின் ஆற்றல் நாணயம்). கல்லூரிப் புத்தகத்தில் 30 அல்லது 32. இப்போது 33-ஐ ஒட்டித் தசமத்தோடு ஒரு எண்ணும் சுற்றுகிறது. என்ஏடிஎச் (உணவிலிருந்து எடுத்த எலக்ட்ரான்களைச் சுமக்கும் மூலக்கூறு) ஒன்றுக்கு 3 என்று மனப்பாடம் செய்தது 2.5 ஆகிவிட்டது. அரை ஏடிபி என்று ஒன்று உண்டா என்ன?

கூடவே ஒரு செய்முறைச் சந்தேகம். எலி ஈரல் மைட்டோகாண்ட்ரியா, எரிபொருளாகக் குளூட்டமேட் + மாலேட், கரைந்த ஆக்சிஜனை அளக்கக் கிளார்க் மின்முனை. ஏடிபி/ஆக்சிஜன் விகிதம் (ஓர் ஆக்சிஜன் அணுவுக்கு எத்தனை ஏடிபி) 2-ஐத் தாண்ட மறுக்கிறது. எங்கே கோட்டை விடுகிறோம்?

பதில்: சவ்வூடு

அரை ஏடிபி கிடையாது. 2.5 என்பது பல்சக்கர விகிதம் மாதிரி. ஒரு சக்கரம் 8 பல், இன்னொன்று 3 பல் என்றால் முழு எண் எப்படி வரும்?

பழைய 3-க்குப் பின்னால் இருந்தது ஓர் ஊகம். எலக்ட்ரான் பாதையில் மூன்று "தளங்கள்" இருக்கின்றன, தளத்துக்கு ஒரு ஏடிபி நேரடி வேதிவினையில் உருவாகிறது என்று நினைத்தார்கள். அந்த இடைப்பொருளைத் தேடித் தேடி யாருக்கும் அகப்படவில்லை. 1961-ல் பீட்டர் மிட்செல், நடுவில் இருப்பது வேதிப்பொருளே அல்ல, சவ்வுக்கு இருபுறமும் உள்ள புரோட்டான் வேறுபாடுதான் என்றார். 1978-ல் நோபல் கிடைத்தது. அதோடு முழு எண் வரவேண்டிய கட்டாயமும் போய்விட்டது.

இப்போது எண்ணுவோம். என்ஏடிஎச்சின் 2 எலக்ட்ரான்கள் ஆக்சிஜனை எட்டுவதற்குள், சவ்வில் உள்ள புரதத் தொகுதிகளில் காம்ப்ளெக்ஸ் 1 நான்கு புரோட்டான், காம்ப்ளெக்ஸ் 3 நான்கு, காம்ப்ளெக்ஸ் 4 இரண்டு வெளியே தள்ளும்: மொத்தம் 10. சக்சினேட் வழியாக வந்தால் முதல் நான்கு இல்லை, 6 மட்டும்.

திரும்பி உள்ளே வரும் வழி, ஏடிபியை உருவாக்கும் நொதியான ஏடிபி சின்தேஸ். சவ்வுக்குள் அதன் சுழலும் பகுதி, ஒரு சி-வளையம். முதுகெலும்பிகளின் மைட்டோகாண்ட்ரியாவில் அதில் 8 துணை அலகுகள். ஒவ்வொன்றிலும் ஒரு அமில முனை. புரோட்டான் அதில் ஏறி, கிட்டத்தட்ட ஒரு சுற்றுச் சுற்றி, மறுபக்கம் இறங்கும். ஆக, வளையம் ஒரு முறை சுற்ற 8 புரோட்டான். வளையத்தோடு சேர்ந்து சுற்றும் காமா தண்டு, மேலே உள்ள மூன்று பீட்டா அலகுகளை 120 பாகைக்கு ஒன்றாக நெம்பி, ஒரு சுற்றில் 3 ஏடிபியை விடுவிக்கும். (தண்டில் ஒளிரும் ஆக்டின் இழையை ஒட்டி, அது சுற்றுவதை 1997-ல் ஜப்பானில் நுண்ணோக்கியிலேயே பார்த்துவிட்டார்கள். ஏடிபியைச் செலவழிக்கும் திசையில்தான், ஆனாலும் அழகான சோதனை.)

8 ÷ 3 = 2.67. இதோடு நிறுத்திவிடுவதுதான் வழக்கமான தவறு. ஏடிபி வெளியே போய் அதற்கான மூலப்பொருள், இரண்டு பாஸ்பேட் உள்ள தம்பி ஏடிபி (டைபாஸ்பேட்), உள்ளே வரவேண்டும், பாஸ்பேட்டும் வரவேண்டும். பாஸ்பேட் ஒரு புரோட்டானோடு வருகிறது, பரிமாற்றத்தில் ஓர் எதிர்மின்சுமை வெளியேறுகிறது. இரண்டும் சேர்ந்து ஒரு புரோட்டான் வாடகை. ஆக 3.67. என்ஏடிஎச்சுக்கு 10 ÷ 3.67 = 2.73, சக்சினேட்டுக்கு 1.64. வாடகை சேர்த்து 4 என்று முழுமையாக்கினால் 2.5, 1.5, அதுதான் கல்லூரிப் புத்தகம்.

குளுக்கோசுக்கு: மைட்டோகாண்ட்ரியாவுக்குள் 8 என்ஏடிஎச் 80 புரோட்டான், 2 எஃப்ஏடிஎச்2 (சக்சினேட் வழியில் எலக்ட்ரான் தரும் இன்னொரு சுமப்பான்) 12. மைட்டோகாண்ட்ரியாவுக்கு வெளியே, சைட்டோசோலில் உருவாகும் 2 என்ஏடிஎச்சின் எலக்ட்ரான்கள் மாலேட்-அஸ்பார்டேட் என்ற வழியில் உள்ளே வந்தால் 20, அதில் 2 கழியும். பைருவேட் உள்ளே வர இன்னும் 2 கழியும். மீதி 108. 3.67-ஆல் வகுத்தால் 29.5, நேரடியாக உருவாகும் 4-ஐச் சேர்த்தால் சுமார் 33.5. அந்த எலக்ட்ரான்கள் கிளிசரால் பாஸ்பேட் என்ற மாற்று வழியில் வந்தால் 31.8. இவையெல்லாம் உச்சவரம்பு. சவ்வுக் கசிவு இதில் இல்லை.

பதில்: நொதிப்பித்தன்

மேலே பெயர்க் குழப்பம் வந்துவிட்டது. நான் மூன்று பாஸ்பேட் உள்ளதை ஏடிபி என்றும், இரண்டு உள்ளதை டைபாஸ்பேட் என்றும் எழுதுகிறேன்.

செய்முறைக்கு வருவோம். 1 மி.லி. அறையில் 25 மில்லிமோலார் டைபாஸ்பேட் 10 மைக்ரோலிட்டர் போட்டால் 250 நானோமோல். அது தீரும்வரை 50 நானோமோல் ஆக்சிஜன் மூலக்கூறு போனால், அணுக்கணக்கில் 100, விகிதம் 2.5. இரண்டால் பெருக்க மறந்தால் 5 வரும், உடனே தெரிந்துவிடும். 2-க்குக் கீழே போக வேறு காரணங்கள்:

முதலில் வெப்பநிலையைப் பாருங்கள். 25 பாகையில் காற்றோடு சமநிலையான கரைசலில் மி.லி.க்கு சுமார் 240 நானோமோல் ஆக்சிஜன். 37 பாகையில் சுமார் 200 தான். 37-ல் ஓட்டிவிட்டு 240 என்று கணக்குப் போட்டால் உண்மையான 2.5, 2.1 ஆகத் தெரியும். ஆசாமி அப்பாவி, அளவுகோல்தான் குற்றவாளி.

அது சரியென்றால் உடைந்த மைட்டோகாண்ட்ரியா. வெளியே வந்த ஏடிபியை அவை மறுபடி உடைத்து டைபாஸ்பேட்டாக்கும். அதே சரக்கு இரண்டு முறை சுற்றும், ஆக்சிஜன் வீணாகும். வரைபடத்தில் இது கண்ணுக்கே தெரியும்: வேகம் குறையும் இடத்தில் முனை கூராக இருக்காது, வளைந்து வழுக்கும். டைபாஸ்பேட் தீர்ந்தபின் ஏடிபி சின்தேஸை அடைக்கும் ஒலிகோமைசின் மி.லி.க்கு 1 மைக்ரோகிராம் போடுங்கள். வேகம் இன்னும் இறங்கினால் இந்தச் சுழற்சிதான். இறங்கவில்லை, ஆனால் வேகம் அதிகமாகவே நிற்கிறது என்றால் சவ்வுக் கசிவு; கொழுப்பு அமிலம் நீக்கிய ஆல்புமின் 0.1 சதவீதம் சேர்த்துப் பாருங்கள்.

பிரித்தெடுக்கும்போது 250 மில்லிமோலார் சுக்ரோஸ், 1 மில்லிமோலார் இஜிடிஏ (கால்சியத்தைப் பிடித்துவைக்கும் பொருள்), பிஎச் 7.4, எல்லாம் பனிக்கட்டியில். இஜிடிஏ இல்லாவிட்டால் கால்சியம் உள்ளே புகுந்து சவ்வைத் திறந்துவிடும். வீழ்படிவை மறுபடி கலக்கும்போது குழாயின் அடியில் சிவப்பாக ஒட்டியிருப்பது ரத்த அணு, அதைச் சுரண்டாதீர்கள். டைபாஸ்பேட் புட்டியில் ஏஎம்பி (ஒரே பாஸ்பேட் உள்ளது) கலந்திருந்தாலும் விகிதம் இறங்கும். அடினிலேட் கைனேஸ் என்ற நொதி அதையும் டைபாஸ்பேட்டாக மாற்றிவிடும்.

வேக விகிதம் (டைபாஸ்பேட் இருக்கும்போது ஆக்சிஜன் குறையும் வேகம் ÷ அது தீர்ந்தபின் உள்ள வேகம்) 5-க்கு மேல் இருந்தால் நல்ல சரக்கு. 3-க்குக் கீழே என்றால் அந்தத் தயாரிப்பில் விகிதம் அளப்பதே வெட்டி வேலை.

பாலாற்றங்கரை

37 பாகை, 240. மாட்டிக்கொண்டேன், நன்றி. ஈஸ்ட்டில் சி-வளையம் 10 என்கிறார்கள். வாடகையோடு ஏடிபிக்கு 4.33 புரோட்டான். அப்படியானால் 10 ÷ 4.33, என்ஏடிஎச்சுக்கு 2.3 என்று எடுத்துக்கொள்ளலாமா?

பதில்: சவ்வூடு

கூடாது. (பெயரைக் குழப்பியதற்கு மன்னிக்கவும், நொதிப்பித்தன் சொன்னபடியே படியுங்கள்.) ரொட்டி ஈஸ்ட்டில் காம்ப்ளெக்ஸ் 1 கிடையாது. அந்த இடத்தில் இருக்கும் நொதி எலக்ட்ரானை மட்டும் கடத்தும், புரோட்டானைத் தள்ளாது. எனவே 6 ÷ 4.33, சுமார் 1.4.

வளையம் பெரிதானால் நஷ்டம் என்று நினைக்கவேண்டாம். கீரைப் பசுங்கணிகத்தில் 14 அலகுகள், ஏடிபிக்கு 4.67 புரோட்டான். சரிவு தாழ்வாக இருந்தாலும் ஏற்றிவிடலாம், மலைச்சாலையில் சிறிய கியர் போடுவதுபோல. விலையும் உண்டு: ஒளிச்சேர்க்கையில் வெளியாகும் ஓர் ஆக்சிஜன் மூலக்கூறுக்கு 12 புரோட்டான், 2.57 ஏடிபி, 2 என்ஏடிபிஎச் (என்ஏடிஎச் போன்ற எலக்ட்ரான் சுமப்பான்). கார்பன் டை ஆக்சைடைச் சர்க்கரையாக்கும் கால்வின் சுழற்சிக்கு 2 என்ஏடிபிஎச்சுக்கு 3 ஏடிபி வேண்டும். துண்டு விழும் 0.43-ஐச் சுழல் எலக்ட்ரான் ஓட்டம் (என்ஏடிபிஎச் உருவாக்காமல் புரோட்டானை மட்டும் தள்ளும் சுற்று) போன்ற வழிகள் ஈடுகட்டுகின்றன.