குடிகார அப்பாவிடம் அடிவாங்கி வளர்ந்த மனைவி: காம்ப்ளெக்ஸ் பிடிஎஸ்டி என்கிறார் டாக்டர், எப்படிப் புரிந்துகொள்வது?

மதுரைக்காரன் கேட்டது:

வணக்கம். என் மனைவியின் அப்பா குடித்துவிட்டு வந்து அடிப்பவர். தினமும் இல்லை, ஆனால் எந்த ராத்திரி என்று தெரியாது. டிவிஎஸ் 50க்கு அவர் ஸ்டாண்டு போடுகிற சத்தத்தை வைத்தே இன்றைக்கு எவ்வளவு குடித்திருக்கிறார் என்று அம்மாவும் பிள்ளைகளும் கணித்துவிடுவார்களாம், அதற்கேற்ப விளக்கை அணைத்துத் தூங்குவதுபோல் படுத்துக்கொள்வார்களாம். அவர் இறந்து பல வருஷம் ஆகிவிட்டது. எங்கள் வீட்டில் யாரும் கை நீட்டுவதில்லை. ஆனாலும் என் தம்பி கையிலிருந்து டம்ளர் தவறி விழுந்தால், அடுப்படியிலிருந்து "மன்னிச்சிடுங்க" என்று இவள் குரல்தான் முதலில் வருகிறது. நான் ஆபீஸ் யோசனையில் பேசாமல் இருந்தால் "என்மேல கோவமா" என்கிறாள், இல்லை என்றால் நம்புவதில்லை. சில நேரம் பக்கத்தில் நின்று கூப்பிட்டாலும் எங்கோ பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறாள்.

மனநல மருத்துவர் இதற்குக் காம்ப்ளெக்ஸ் பிடிஎஸ்டி என்று பெயர் சொன்னார். போர், விபத்து, சுனாமி பார்த்தவர்களுக்கு அந்த அதிர்ச்சியால் பின்னால் வருகிற மனநோய்தான் பிடிஎஸ்டி என்று நினைத்திருந்தேன். இது எப்படி வேறு? என் அம்மா பாசமாகத்தான் சொல்கிறார், "நடந்ததை மறந்துட்டு இருக்கிற வாழ்க்கையைப் பாரும்மா" என்று. அது ஏன் இவளால் முடியவில்லை? நான் என்ன செய்யணும்?

ஆலோசகர்_திருச்சி:

இந்தத் துறையில் இருப்பதால் கொஞ்சம் நீளமாகவே எழுதுகிறேன் தம்பி. விபத்தில் சிக்கிய ஒருவருக்கு அதற்கு முன்னால் ஒரு வாழ்க்கை இருந்திருக்கும். உங்கள் மனைவிக்கு அப்படி ஒரு 'முன்னால்' இல்லை, பயந்துகொண்டேதான் பேசப் பழகினார், பள்ளிக்கூடம் போனார். அடித்தவரே சோறு போட்டவரும்கூட. அப்பா செய்வது தப்பு என்று நினைத்துக்கொண்டு ஒரு குழந்தையால் அந்த வீட்டில் இருக்க முடியாது. நான்தான் சரியில்லை என்று நினைத்தால், ஒழுங்காக இருந்தால் அடி விழாது என்ற நம்பிக்கையாவது மிஞ்சும். டம்ளர் விழும்போது வருகிற மன்னிப்பு அங்கிருந்துதான் வருகிறது.

ஜூடித் ஹெர்மன் என்ற அமெரிக்க மனநல மருத்துவர், தப்பிக்க வழியில்லாத இடத்தில் நீண்ட காலம் நடக்கிற கொடுமையின் விளைவைத் தனியாகப் பார்க்க வேண்டும் என்று 1992லேயே எழுதினார். உலக சுகாதார நிறுவனத்தின் நோய்ப் பட்டியலில் அது தனி இடம் பெற்றது ஐசிடி-11 என்ற பதிப்பில்தான், அது நடைமுறைக்கு வந்தது 2022 ஜனவரியில். சாதாரண பிடிஎஸ்டியில் உள்ள மூன்றும் இதில் உண்டு: நடந்தது இப்போதே நடப்பதுபோல் திரும்ப வருவது, அதை நினைவூட்டுகிறவற்றைத் தவிர்ப்பது, எந்நேரமும் உஷாராகவே இருப்பது. அதோடு உணர்ச்சி பொங்கி அடங்காமல் போவது அல்லது ஒரேயடியாக மரத்துப்போவது, தான் எதற்கும் லாயக்கில்லை என்று ஊறிப்போன எண்ணம், உறவுகளில் நெருங்கி இருக்க முடியாமை, இவையும் சேரும். நீங்கள் கூப்பிட்டும் கேட்காமல் உட்கார்ந்திருக்கிறாரே, அது மரத்துப்போதலாக இருக்கலாம், அலட்சியம் என்று எடுத்துக்கொள்ளாதீர்கள். அமெரிக்க மனநோய்ப் பட்டியலான டிஎஸ்எம்-5 இதைத் தனி நோயாகப் பிரிக்கவில்லை, அதனால் வேறு டாக்டர் சீட்டில் வெறும் பிடிஎஸ்டி என்று எழுதினால் குழம்ப வேண்டாம்.

மறக்கச் சொல்வது பற்றி. திரும்ப வருவது எப்போதும் காட்சியாக வராது. காட்சியே இல்லாமல் அன்றைய பயம் மட்டும் உடம்பில் வந்து உட்காரும், ஏன் என்று அவருக்கே தெரியாது. அதை 'மறந்துடு' என்றால் அவர் எதை மறப்பார்?

சிகிச்சையில் எடுத்த எடுப்பில் பழைய கதையைத் தோண்ட மாட்டோம். பெரும்பாலும் முதலில் தூக்கம், பயம் வரும்போது நிதானத்துக்கு வரும் பயிற்சி, பிறகு அவர் தயாரானதும் அந்த மனக்காயத்தை மையமாக வைத்த சிபிடி (எண்ணங்களையும் நடத்தையையும் மாற்றப் பழக்கும் பேச்சு சிகிச்சை) அல்லது இஎம்டிஆர் (கண்களை இருபக்கமும் அசைத்தபடி பழைய நினைவை எதிர்கொள்ள வைக்கும் சிகிச்சை). மாத்திரை தூக்கத்துக்கும் பதற்றத்துக்கும் உதவலாம். காலம் பிடிக்கும், ஆனால் நிஜமாகவே குறையும். அவசரத்துக்கு அரசின் மனநல உதவி எண்ணான டெலி மானஸ் 14416, தமிழிலேயே பேசலாம், கட்டணம் கிடையாது.

கார்த்திகா_கோவை:

அண்ணா, நானும் அப்படி ஒரு வீட்டில் வளர்ந்தவள்தான். உங்கள் மனைவிக்கு மௌனம் என்றால் அடிக்கு முந்தைய நேரம். அதனால் முகம் வாடி வீட்டுக்கு வந்தால் "இன்னைக்கு மேனேஜர் கத்திட்டார், உன்மேல ஒண்ணும் இல்ல, அரை மணி நேரம் சும்மா இருக்கேன்" என்று வாய்விட்டுச் சொல்லிவிடுங்கள். என் கணவர் இதைச் செய்ய ஆரம்பித்த பிறகுதான் நான் அவர் முகத்தையே பார்த்துக்கொண்டிருப்பதை விட்டேன். பின்னால் வந்து தோளைத் தொடாதீர்கள், முதலில் குரல் கொடுங்கள். "கோவமா" என்று பத்தாவது தடவை கேட்டாலும் சலித்துக்கொள்ளாமல் பதில் சொல்லுங்கள்.

இன்னொன்று, திதி. படத்துக்கு மாலை போட்டு, "என்ன இருந்தாலும் அப்பாதானே" என்று ஊரே சொல்லும். அடித்தவரை நினைத்து அழுகையும் வரும், கோபமும் வரும், இரண்டும் வருகிறதே என்று நம்மீதே அருவருப்பு வரும். அடியைவிட அந்த அருவருப்பைத்தான் என்னால் யாரிடமும் சொல்ல முடியவில்லை.

வடமராட்சி:

நான் யாழ்ப்பாணத்திலிருந்து எழுதுகிறேன். எங்களிடம் இது வீடு வீடாக இருக்கிறது. 1995இல் யாழ்ப்பாணத்தை விட்டு இடம்பெயர்ந்து, பிறகு வன்னிக்குள் ஊர் ஊராக ஓடி, 2009இல் முள்ளிவாய்க்காலில் பங்கருக்குள் கிடந்து, கடைசியில் முகாம் வரை போன சனத்துக்கு எதை 'அந்தச் சம்பவம்' என்று சொல்வது? இங்கே மனநல மருத்துவராக இருந்த தயா சோமசுந்தரம், போர் தனி ஆளை மட்டும் இல்லை, குடும்பத்தையும் சமூகத்தையும் சேர்த்தே காயப்படுத்துகிறது என்று நிறைய எழுதியிருக்கிறார். எங்கள் ஆட்கள் பயம் என்று சொல்லி ஆஸ்பத்திரிக்குப் போவது குறைவு. தலையிடி, நெஞ்சுநோ, உடம்பு உளைவு என்றுதான் போவார்கள், சோதித்தால் ஒன்றும் இருக்காது. உங்கள் மனைவிக்கும் காரணம் தெரியாத வலி இருந்தால் அதையும் டொக்டரிடம் சொல்லுங்கோ. இலங்கையில் இருப்பவர்கள் 1926 என்ற மனநல உதவி எண்ணுக்கு அழைக்கலாம்.

மதுரைக்காரன்:

எல்லோருக்கும் நன்றி. கார்த்திகா சொன்னதைப் படித்ததும்தான் உறைத்தது, அடுத்த மாசம் மாமனார் திதி. மச்சான் கட்டாயம் வரச் சொல்லியிருக்கார். போன வருஷம் போய்வந்து ஒரு வாரம் சரியாகச் சாப்பிடவில்லை இவள். தடுக்கவா?

கார்த்திகா_கோவை:

தடுக்காதீங்க அண்ணா, கட்டாயப்படுத்தவும் செய்யாதீங்க, அவங்களே முடிவு பண்ணட்டும். போறேன்னா சாப்பாடு முடிஞ்சதும் கிளம்ப வண்டியைத் தயாரா வச்சுக்குங்க. போகலைன்னா மச்சானுக்குப் போன் பண்ணிச் சொல்ற வேலையை நீங்க எடுத்துக்குங்க.