சோவியத் கேலிச்சித்திரங்கள் மக்களின் கருத்தை மாற்றினவா?

கேள்வி: 1922இல் மாஸ்கோவில் தொடங்கப்பட்ட ‘குரொக்கொதீல்’ (முதலை) இதழ் 1980களில் 50 லட்சம் பிரதிகளுக்கு மேல் விற்றது. கட்சியின் கண்காணிப்பில் வெளிவந்த அதன் அரசியல் கேலிச்சித்திரங்களை வாசகர்கள் உண்மையிலேயே நம்பினார்களா?

மறுமொழி 1: எல்லாப் படங்களையும் ஒரே தராசில் நிறுக்க முடியாது. சோம்பேறி அதிகாரி, தரமற்ற காலணி, வீட்டு வசதிக் குறைபாடு ஆகியவற்றைச் சாடிய படங்களை மக்கள் தம் அனுபவத்தோடு ஒப்பிட்டுப் பார்க்க முடிந்தது. புகார்க் கடிதங்களையும் இதழுக்கு எழுதினார்கள். ஆனால் அந்தச் சாட்டை கீழ்மட்ட அதிகாரிகளோடு நின்றது, தலைமையைத் தொடவே இல்லை. குறை அமைப்பில் இல்லை, தனிமனிதரிடம்தான் இருக்கிறது என்ற எண்ணத்தை வளர்த்ததே இப்படங்களின் ஆழமான செல்வாக்கு என்று நான் கருதுகிறேன்.

மறுமொழி 2: வெளிநாட்டைப் பற்றிய படங்களின் நிலை வேறு, அவற்றைச் சரிபார்க்கப் பெரும்பாலான வாசகர்களுக்கு வழியே இல்லை. சோவியத் கேலிச்சித்திரக்காரர் போரிஸ் எஃபீமவின் வாழ்க்கையை நினைத்தால் மனம் கனக்கிறது. அவருடைய அண்ணன், பத்திரிகையாளர் மிகயீல் கல்த்சோவ், 1938இல் கைதாகி 1940இல் சுட்டுக் கொல்லப்பட்டார். தம்பியோ அதே அரசுக்காகத் தொடர்ந்து வரைந்தார். 1947இல் அமெரிக்கத் தளபதி ஐசனாவர் வடதுருவத்தைத் தாக்க வருவதாக அவர் வரைந்த படத்தின் கருவைத் தந்து, வாசகங்களைத் திருத்தியவர் ஸ்டாலினே.

கேள்வி கேட்டவர்: நன்றி. போர்க்காலத்திலும் இதே நிலைதானா?

மறுமொழி 1: இல்லை. 1941இல் ஜெர்மனி படையெடுத்த சில நாட்களிலேயே சோவியத் செய்தி நிறுவனமான டாஸின் ‘டாஸ் ஜன்னல்’ சுவரொட்டிகள் மாஸ்கோவில் தோன்றின. குக்ரினிக்ஸி என்ற மூன்று ஓவியர்களின் குழு கேலிக்குரியவனாக வரைந்த ஹிட்லரை வெறுக்க, குடும்பத்தில் ஒருவரைப் போர்முனைக்கு அனுப்பியிருந்த மக்களுக்கு எந்தப் பரப்புரையும் தேவைப்பட்டிருக்காது.