ராமநகரா பாறைகள்: ஏறுபவர்களை வெளியேற்றினால் மலை பிழைக்குமா?

கருங்கல்காரன்:
பெங்களூரு பக்கத்துல இருக்கிற ராமநகராவைச் சுற்றியுள்ள எல்லாக் குன்றுகளிலும் பாறையேற்றத்தைத் தடை செய்யணும்னு பாறுநேசன் போன வாரம் எழுதியிருந்தார். என்னால ஏத்துக்க முடியல. 2012-ல அங்கே இருக்கிற ராமதேவரபெட்டா குன்றை, சுமார் 346 ஹெக்டேர், பாறுக் கழுகுச் (பிணந்தின்னிக் கழுகு) சரணாலயமா அறிவிச்சாங்க. நாங்க கயிற்றைச் சுருட்டிக்கிட்டு வெளியே வந்தோம். அது சரிதான். ஆனா மத்த குன்றுகள்லயும் எங்களை விரட்டினா அங்கே பாறு வராது, கல் குவாரி லாரிதான் வரும். நான் ஏறிப் பழகின ஒரு குன்று இப்ப பாதிதான் இருக்கு. வெட்டின முகத்துல மேலிருந்து கீழே வரிசையா துளை போட்ட தடம், அடியில பச்சையா தேங்கின தண்ணி.

பாறுநேசன்:
குவாரியை நானும்தான் எதிர்க்கிறேன் சார். அதுக்காக நீங்க செய்யறது சரின்னு ஆயிடுமா? கருங்கழுத்துப் பாறு வருஷத்துக்கு ஒரே முட்டைதான் இடும். மாட்டுக்குப் போட்ட டைக்ளோஃபினாக்ங்கிற வலி மருந்தால, அந்த மாடு செத்தா அதைத் தின்னு, 1990-கள்ல இருந்து நூத்துக்குத் தொண்ணூத்தஞ்சுக்கு மேல அழிஞ்சுபோச்சு. 2006-ல அந்த மருந்தைக் கால்நடைக்குத் தடை செஞ்சும் இன்னும் மீளல. சரணாலயத்தோட எல்லைக்கோடு பறவைக்குத் தெரியாது. பாறை விளிம்புக்குக் கீழ எச்சம் சுண்ணாம்பு மாதிரி வழிஞ்சிருக்கும். அதுக்கு நாலு அடி தள்ளி ட்ரில் வெச்சு, ஏறுறவங்க கயிறு மாட்டுற போல்ட் அடிச்சதை என் கண்ணால பார்த்தேன். அடைகாக்கிற பறவை பயந்து எழுந்துட்டா, சுடுற பாறையில அந்த ஒரு முட்டை என்ன ஆகும்?

மேலூர்மகன்:
எங்க ஊர்ப்பக்கம் நடந்ததைச் சொல்றேன். மதுரை மேலூர் பக்கம் இருக்கிற அரிட்டாபட்டியை 2022-ல பல்லுயிர் பாரம்பரியத் தலமா அறிவிச்சாங்க. ரெண்டே வருஷத்துல அதையும் சேர்த்து டங்ஸ்டன் சுரங்கத்துக்கு ஏலம் விட்டாங்க. 2025 ஜனவரியில ஏலத்தை ரத்து பண்ண வெச்சது ஊர் சனம். மலையோட பழக்கம் உள்ளவன் இருந்தாத்தான் மலை நிக்கும்.

பாறுநேசன்:
அண்ணா, அந்தச் சனம் மலையடியிலேயே வாழுது. இங்கே ஞாயிற்றுக்கிழமை காலையில வந்து சாயங்காலம் போறவங்களை அவங்களோட ஒண்ணா வைக்காதீங்க.

கருங்கல்காரன்:
அந்த வார்த்தை சுடுது, ஆனா மறுக்க மாட்டேன். அதே சமயம், ராமதேவரபெட்டாவுலேயே கோவிலுக்குப் படியேறிப் போறவங்களுக்கு வழி விட்டிருக்காங்க இல்லையா? மனுஷ நடமாட்டமே கூடாதுன்னு அங்கேயும் சொல்லல. இங்கிலாந்துல பைரிங்கிற வல்லூறு வகைப் பறவை கூடு வைக்கிற பாறையை அந்தப் பருவத்துக்கு மட்டும் மூடுறாங்க, குஞ்சு பறந்ததும் திறக்கிறாங்க. அமெரிக்காவுல டெவில்ஸ் டவர்ங்கிற பாறைக்குன்று லக்கோட்டா உள்ளிட்ட பூர்வகுடிகளுக்குப் புனித இடம். அங்கே 1995 திட்டப்படி ஜூன் மாசம் ஏற வேண்டாம்னு கேட்டுக்கிறாங்க, பெரும்பாலானவங்க மதிக்கிறாங்க. நாமும் நவம்பர்ல இருந்து மே வரைக்கும் எச்சம் தெரியற எந்தப் பாறையிலயும் கை வைக்க வேண்டாம். புது போல்ட் யாருக்கும் கூடாது.

பாறுநேசன்:
ஜூன்ல ஏறுறவங்க அங்கே இன்னும் இருக்காங்களே. வெறும் வேண்டுகோளை நம்பி ஒரு முட்டையை விட மாட்டேன். வனத்துறை போர்டு வெக்கட்டும், பருவத்தடையை மீறினா அபராதம் போடட்டும். அப்போ மீதி மாசங்களைப் பத்திப் பேசலாம்.

கருங்கல்காரன்:
அபராதத்துக்குச் சம்மதம். எந்தெந்த விளிம்புல எச்சம் இருக்குன்னு எங்க ஆளுங்களுக்குத் தெரியும். வர்ற அக்டோபருக்குள்ள வரைபடம் போட்டு வனத்துறைக்குக் கொடுக்கிறோம். நீங்களும் பைனாகுலரோட வாங்க.