உடைந்த ஆஸ்பெஸ்டாஸ் கூரையும் எங்கள் அனுபவங்களும்

பட்டுக்கோட்டைப் பக்கத்திலிருந்து:

2018 நவம்பர் 16 அதிகாலையில் கஜா புயல் கரையைக் கடந்தபோது, எங்கள் மாட்டுக்கொட்டகையின் ஆஸ்பெஸ்டாஸ் ஷீட்டுகளில் ஒன்பது நொறுங்கி வாழைக்கொல்லை வரை சிதறின. தென்னைகளெல்லாம் சாய்ந்து கிடந்த நேரத்தில் ஷீட்டைப் பற்றி யார் யோசித்தார்கள்? துண்டுகளைச் சம்மட்டியால் இன்னும் சிறிதாக உடைத்து, சேறாகிப்போன கொல்லைப் பாதையில் பரப்பி, அதன்மேல் வண்டி ஓட்டினோம். புதிய ஷீட்டுகளை அளவுக்கு வெட்ட வந்த தச்சர் கட்டிங் மெஷினை ஓட்டியபோது எழுந்த வெண்புழுதி, அவருடைய இமைகளிலும் கொடியில் காய்ந்துகொண்டிருந்த எங்கள் துணிகளிலும் படிந்தது. அவர் முகத்தில் கட்டியிருந்தது ஒரு துண்டு மட்டுமே. மறுமுனையைப் பிடித்திருந்த எனக்கு அதுவும் இல்லை.

‘சிமெண்ட் ஷீட்’ என்றே சொல்லிப் பழகியதால், அதில் ஏறக்குறைய பத்தில் ஒரு பங்கு வெள்ளைக் கல்நார், அதாவது ஆஸ்பெஸ்டாஸ் இழை, என்பது பிறகுதான் எனக்குத் தெரியவந்தது. கூரையில் முழுதாகக் கிடக்கும்வரை சிமெண்ட் அந்த இழைகளைப் பிடித்து வைத்திருக்கிறது. அறுத்தாலோ துளையிட்டாலோ நொறுக்கினாலோ அவை கண்ணுக்குத் தெரியாமல் காற்றில் கலந்துவிடுகின்றன. செய்யக் கூடாத அனைத்தையும் நாங்கள் ஒன்று விடாமல் செய்திருக்கிறோம்.

சிங்கப்பூரிலிருந்து:

மன்னார்குடிக்காரனான நான் இங்கே கட்டட இடிப்பு வேலையில் மேற்பார்வையாளராக இருக்கிறேன். 1991க்கு முன் கட்டிய கட்டடம் என்றால், கல்நார் இருக்கிறதா என்று தகுதி பெற்றவர் ஆய்வு செய்யாமல் நாங்கள் சுவரில் கைவைக்க முடியாது. ஷீட்டை உடைத்து இறக்கும் பேச்சுக்கே இடமில்லை. தண்ணீர் தெளித்து நனைத்து, போல்ட்டுகளைக் கழற்றி, முழுதாகக் கையால் இறக்கி, தடித்த பாலித்தீனில் இரண்டு சுற்றுச் சுற்றி, எச்சரிக்கைச் சீட்டு ஒட்ட வேண்டும். துடைப்பம் போடக் கூடாது. ஈரத்துணியால் துடைத்து, அந்தத் துணியையும் கழிவோடு சேர்த்துக் கட்டிவிட வேண்டும். வாயில் கட்டும் துண்டோ மருத்துவமனை மாஸ்க்கோ இந்த இழைகளைத் தடுக்காது. (விடுமுறைக்கு ஊர் வந்தபோது, என் அண்ணன் கூரைப் பாசியைக் கம்பி பிரஷ்ஷால் தேய்ப்பதைக் கண்டு நான் போட்ட சத்தத்தில் அண்ணி பயந்தேவிட்டார்.) கூரை ஷீட்டைவிட மோசமானது, பழைய கொதிகலன் குழாய்களின் மேல் பூசியிருக்கும் வெப்பக்காப்புப் பூச்சு, விரலால் நசுக்கினாலே உதிர்ந்துவிடும்.

சென்னையிலிருந்து:

அந்தப் பூச்சு வேலையைத்தான் என் தந்தை 1970களில் ஒப்பந்தத் தொழிலாளியாகச் செய்தார். மூச்சிரைப்பு வந்ததோ வேலையை விட்டுப் பல ஆண்டுகள் கழித்து. இளமையில் என்ன வேலை பார்த்தீர்கள் என்று ஒரு மருத்துவர் கேட்ட பிறகுதான் நுரையீரலில் ஏறியிருந்த தழும்புக்குக் காரணம் புரிந்தது. கல்நாரால் வரும் புற்றுநோய் தலைகாட்ட இருபது முதல் ஐம்பது ஆண்டுகள்கூட ஆகலாம். அதனால்தான், வேலையில் சேர்ந்த நாளிலிருந்து 40 ஆண்டுகள் அல்லது ஓய்வுக்குப் பின் 15 ஆண்டுகள், இவற்றில் எது பிந்தியதோ அதுவரை தொழிலாளியின் உடல்நலப் பதிவேட்டைப் பாதுகாக்க வேண்டும் என்று உச்ச நீதிமன்றம் 1995இல் ஆணையிட்டது. ஒப்பந்தக் கூலிக்கு ஏது பதிவேடு? அவருடைய வேலை உடுப்பை உதறித் துவைத்த அம்மாவையும் இப்போது பரிசோதனைக்கு அழைத்துச் செல்கிறோம்.

பட்டுக்கோட்டை ஐயா, இரண்டு நாள் புழுதிக்காக நீங்கள் உறக்கம் இழக்க வேண்டாம். ஆண்டுக்கணக்கில் சுவாசித்தவர்களுக்கே ஆபத்து மிக அதிகம். ஆனால் அந்தத் தச்சரிடம் கட்டாயம் பேசுங்கள். அவர் புகைபிடிப்பவராகவும் இருந்தால் நுரையீரல் புற்றுநோய்க்கான வாய்ப்பு பன்மடங்காகிவிடும்.

மீண்டும் பட்டுக்கோட்டைப் பக்கத்திலிருந்து:

தச்சரிடம் பேசிவிட்டேன்; பீடியை விடுவதாகச் சொல்லவில்லை, ஷீட்டை நனைத்துக் கைரம்பத்தால் அறுப்பதாக ஒப்புக்கொண்டார். பாதையின் மேற்பரப்பில் கிடந்த துண்டுகளை நனைத்துப் பொறுக்கிப் பாலித்தீனில் கட்டியிருக்கிறேன். குப்பை வண்டி எடுக்க மறுத்ததால் அவை இன்னும் கொட்டகை மூலையிலேயே கிடக்கின்றன. பாதையில் புதைந்தவற்றின் மேல் கான்கிரீட் போட்டுவிட்டு, நாளைக்குக் குழாய் பதிக்க யாரும் அங்கே தோண்டிவிடக் கூடாது என்பதற்காக, வீட்டு வரைபடத்தில் அந்த இடத்தைச் சிவப்பு மையால் குறித்து வைத்திருக்கிறேன்.