வக்கீல் கணக்கில் விழுந்த எங்கள் பணம்: புரோநோட்டு வாங்கிக்கலாமா?

நீடாமங்கலத்தான்:
3 மா நிலத்துக்கு அப்பா 4,80,000 ரூபாய் அட்வான்ஸ் கொடுத்தார். நிலக்காரர் கிரயம் பண்ணித் தரவில்லை, கேஸ் ஆனது. 2024 பிப்ரவரியில் ராஜி (சமரசம்) ஆனது, பணத்தைத் திருப்பித் தர நிலக்காரர் ஒப்புக்கொண்டார். அதற்கப்புறம் எப்போது கேட்டாலும் எங்கள் வக்கீல், "அவன் இன்னும் தரலைப்பா" என்பார்.

இந்தப் பங்குனியில் வலங்கைமான் பாடைகட்டித் திருவிழாவில் அந்த நிலக்காரரையே பார்த்தேன். சண்டை போடத்தான் போனேன். "ராஜியான அடுத்த வாரமே உங்க வக்கீல் கணக்குல போட்டுட்டேனே தம்பி" என்றார். மறுநாள் வீட்டுக்குக் கூப்பிட்டு பாஸ்புக்கையும் காட்டினார்.

வக்கீல் மறுக்கவில்லை. பெண் கல்யாணத்தில் செலவாகிவிட்டதாம். 25 சதவீதம் ஃபீஸ் போக மீதிக்கு வட்டியோடு புரோநோட்டு எழுதித் தருகிறாராம். அம்மா வாங்கிக்கொள்ளச் சொல்கிறார்கள். வாங்கலாமா?

பழைய குமாஸ்தா:
வாங்கிடாதே தம்பி. 31 வருஷம் வக்கீல் ஆபீஸ்ல இருந்தவன் சொல்றேன். நோட்டு உன் கைக்கு வந்துட்டா, "கைமாத்தா வாங்கினேன், தர்றேன்"னு பேச்சு மாறிடும். கட்சிக்காரர் பணத்தைக் கடனா மாத்தவே கூடாதுன்னு, வக்கீல்களுக்கு விதி போடுற இந்திய பார் கவுன்சிலோட விதி 31 இதுக்குன்னே இருக்கு. பணம் வந்தா சீக்கிரமே தெரிவிக்கணும், அது விதி 27. கிடைச்சதுல பங்கு கேட்கிறதும் தப்பு, விதி 20.

1961 வழக்கறிஞர் சட்டம் 35வது பிரிவுல, சென்னையில இருக்கிற தமிழ்நாடு, புதுச்சேரி பார் கவுன்சிலுக்குப் புகார் எழுது. உள்ளூர் சங்கத்துக்கு அந்த அதிகாரம் கிடையாது, டீ வாங்கிக் கொடுத்து அனுப்புவாங்க. ராஜி மனு நகல், நிலக்காரர் பாஸ்புக் பக்கம், அவர்கிட்ட ஒரு பிரமாணப் பத்திரம், இது மூணும் வேணும். குத்தம் நிரூபணமானா கண்டிப்பு, சஸ்பெண்ட், இல்லேன்னா பட்டியல்லேர்ந்து பேரை எடுக்கிறது. பணத்துக்கு சிவில் கேஸ் தனி. 2024 ஜூலையில புதுக் குற்றச் சட்டம் வந்துச்சு, இது அதுக்கு முன்னால நடந்ததால போலீஸுக்குப் போனாலும் பழைய இ.பி.கோ. (இந்திய தண்டனைச் சட்டம்) நம்பிக்கை மோசடிப் பிரிவுகள் 406, 409தான்.

கும்பகோணம் வெத்தலை:
சின்ன ஊருங்க. நாளைக்கு வேற எந்த வக்கீல் உங்களுக்கு வக்காலத்து போடுவார்? வந்ததை வாங்கிட்டு விடுங்க.

நீடாமங்கலத்தான்:
புகாரைப் போட்டுவிட்டு, பணம் தந்தால் வாபஸ் வாங்கிக்கொள்ளலாமா ஐயா?

பழைய குமாஸ்தா:
வாபஸ் வாங்கினாலும், சமாதானமாப் போனாலும், அதை மட்டும் காரணமா வெச்சு விசாரணையைக் கைவிடக் கூடாதுன்னு விதி. அது உங்க வக்கீலுக்கும் தெரியும். முதல்ல 15 நாள் கெடு வெச்சு ஒரு நோட்டீஸ் அனுப்பு. வெத்தலைக்காரர் சொல்றதும் பொய்யில்லை, அதனால தஞ்சாவூர்ல வக்கீல் பாரு. புகார் போட்டு ஒரு வருஷத்துல மாநில கவுன்சில் முடிக்கலேன்னா டெல்லிக்கு, இந்திய பார் கவுன்சிலுக்குப் போயிடும்.

நீடாமங்கலத்தான்:
நோட்டீஸ் போய்ச் சேர்ந்தது. நேற்று ராத்திரி 9 மணிக்கு அவரே வீட்டுக்கு வந்தார், கையில் 2 லட்சத்துக்கு டி.டி. அம்மா காபி போட்டுக் கொடுத்தார்கள் (எனக்குத்தான் பொறுக்கவில்லை). டி.டி.யை வாங்கிக்கொண்டேன். மீதிக்கு மறுபடியும் புரோநோட்டை நீட்டினார். அதை மடித்து அவர் சட்டைப் பையிலேயே வைத்துவிட்டேன். நாளைக்கு ராஜி மனு நகலுக்கு எழுதிப் போடப் போகிறேன்.