பேட்டரி மெயின்டெய்னர் தமிழில் என்ன? (சொட்டு, மிதவை, ஓம்பி…)

க. எழுதியது:

அனைவருக்கும் வணக்கம். குளிர்காலத்தில் மூன்று நான்கு மாதம் ஓட்டாமல் நிறுத்திவைக்கும் மோட்டார் சைக்கிளுக்கான கையேடு ஒன்றை வெள்ளிக்கிழமைக்குள் தமிழாக்கித் தர வேண்டும். இடிப்பது ஒரே ஒரு பக்கம். டிரிக்கிள் சார்ஜர், ஃப்ளோட் சார்ஜர், பேட்டரி மெயின்டெய்னர் என்று மூலத்தில் மூன்று பெயர்கள். மூன்றுக்கும் ‘மின்னேற்றி’ என்றே எழுதினால், ‘அதை மாட்டாதீர், இதை மாட்டுங்கள்’ என்கிற வாக்கியம் நகைப்புக்கிடமாகிறது. முதலாவதற்குச் ‘சொட்டு மின்னேற்றி’ என்று போட்டிருக்கிறேன். மற்ற இரண்டுக்கும் கைகொடுங்கள்.

ம. எழுதியது:

க. அம்மா, பொருளைப் பிரித்துக்கொண்டால் சொல் தானாக வரும். வழக்கமான 12 வோல்ட் ஈய-அமில பேட்டரியை வைத்துச் சொல்கிறேன்.

முதலாவது, பேட்டரி நிறைந்ததா என்று பார்க்காமல் சிறு மின்னோட்டத்தை அனுப்பிக்கொண்டே இருக்கும். ஓரிரவு போட்டால் தீங்கில்லை. மாதக்கணக்கில் விட்டால், நிறைந்த பிறகு போகும் மின்சாரமெல்லாம் அமிலத்திலுள்ள நீரை ஹைட்ரஜனும் ஆக்சிஜனுமாகப் பிரிப்பதில் போகும். நீர்மட்டம் தகட்டுக்குக் கீழே இறங்கும், நேர்த்தகட்டின் ஈயச்சட்டம் அரிக்கும். அமிலத்தைக் கண்ணாடி இழைப் பாயில் உறிஞ்சிவைத்து மூடிய ஏ.ஜி.எம். வகை என்றால் நீரைத் திரும்ப ஊற்றவும் வழியில்லை.

இரண்டாவது, மின்னழுத்தத்தை 13.2 முதல் 13.6 வோல்ட்டுக்குள் நிலையாக வைத்திருக்கும். பேட்டரி நிறைய நிறைய அது இழுக்கும் மின்னோட்டம் சுருங்கி, தன்னிழப்பை (பயன்படுத்தாமலே தானாக இறங்குவதை) மட்டும் ஈடுகட்டும் அளவில் நின்றுவிடும். ஆனால் பாதி இறங்கிப்போன பேட்டரியை இந்த அழுத்தத்தில் நிரப்ப நாளாகும்.

மூன்றாவது இரண்டு வேலையும் செய்யும். 14.4 வோல்ட் அளவுக்கு ஏற்றிப் பிடித்துவைத்து, மின்னோட்டம் தணிந்ததும் 13.5 அளவுக்கு இறங்கிக் காவல் நிற்கும். சில மாதிரிகள் முழுதுமாக நின்றுவிட்டு, அழுத்தம் இறங்கினால் மறுபடி விழிக்கும்.

த. எழுதியது:

‘சொட்டு’ பொருந்தாது. சொட்டு என்பது விட்டுவிட்டு விழுவது. இங்கே மின்னோட்டம் அறாமல் போகிறது. அதற்கு நம்மிடம் ‘ஒழுகு’ இருக்கிறது. ஒழுகு, ஒழுக்கு, ஒழுக்கம் எல்லாம் ஒரே வேர். ‘ஒழுக்கு மின்னேற்றி’ என்க.

இ. எழுதியது:

த. ஐயா, ‘ஒழுக்கு’ என்றால் எல்லாருக்கும் ஓட்டைக் கூரைதான் நினைவுக்கு வரும். ‘கசிவு’ அதைவிட மோசம். கசிவு மின்னோட்டம் என்று ஒரு பழுதுக்கே பெயர் இருக்கிறது. சொட்டு நீர்ப்பாசனம் கேட்டவருக்கெல்லாம் ‘சொட்டு மின்னேற்றி’ உடனே விளங்கும். இலக்கணத்துக்கு ஒரு துளி பொறுத்துக்கொள்ளலாம்.

ஃப்ளோட்டுக்கு ‘மிதவை மின்னேற்றி’. தண்ணீர்த் தொட்டியில் நீர் ஏற ஏற மிதவை எழும்பி வால்வை மூடுகிறதே, அதே வேலை.

ம. எழுதியது:

உவமை அழகு, பிறப்பு அதுவல்ல. மின்வழங்கிக்கும் சுமைக்கும் (மின்சாரத்தை எடுத்துக்கொள்ளும் கருவிக்கும்) இணையாக பேட்டரியும் கோக்கப்பட்டு, வாங்காமலும் கொடுக்காமலும் நடுவே மிதப்பதால் வந்த பெயர். ஆனாலும் படிப்பவர் மனத்தில் தொட்டி மிதவையே நிற்கட்டும். அவருக்குத் தெரிய வேண்டியது அதுதான்.

ஒரே தொல்லை, அமிலத்தின் அடர்த்தி பார்க்கும் கருவிக்குள்ளும் ஒரு மிதவை உண்டு. கையேட்டில் அது வருகிறதா?

க. எழுதியது:

வருகிறது, அதே பக்கத்தில். அதை ‘அடர்த்திமானியின் குமிழ்’ என்று மாற்றிவிடுகிறேன். மிதவை நிற்கட்டும். இனி மூன்றாவது. ‘மின்கலப் பேணி’ சரிவருமா?

த. எழுதியது:

‘மின்கலம்’ என்பது தனி ஒன்று. 12 வோல்ட் பேட்டரி ஆறு கலங்கள் சேர்ந்தது. ‘மின்கல அடுக்கு’ என்பதே சரி. அப்படியானால் ‘மின்கல அடுக்குப் பேணி’. நீளம் என்பீர்கள். எனவே வேறொன்று தருகிறேன்: மின்னோம்பி.

மின் + ஓம்பி. தனிக்குறிலை அடுத்த ஒற்று, உயிர் வர இரட்டித்தது. ‘மின்னேற்றி’க்குத் தம்பி போல ஒலிக்கும். ஓம்புதல் வெறும் பாதுகாப்பு இல்லை, இடைவிடாப் பேணல். ‘வைகலும் ஓம்புவான்’ என்கிறது குறள். வைகலும் என்றால் நாள்தோறும். வேள்வித் தீயை ஓம்புவது என்பதும் பழைய வழக்கு. அணையவும் கூடாது, ஓங்கி எரியவும் கூடாது. 13.5 வோல்ட்டில் அந்தக் கருவி செய்வது இதைத்தானே?

இ. எழுதியது:

திருக்குறளிலேயே வேறோரிடத்தில் ‘வினைக்கண் வினைகெடல் ஓம்பல்’ என்றும் வருகிறது, ஐயா. அங்கே ஓம்பல் என்றால் தவிர்த்தல். ஆக மின்னோம்பி என்பது மின்சாரத்தை அண்டவிடாத கருவியாகவும் இருக்கலாம். ரப்பர் கையுறைக்கு நல்ல பெயர்.

த. எழுதியது:

கெடுதலைத் தவிர்ப்பதும் பேணல்தான். ஒரு சொல்லுக்கு இரு முகம் இருப்பது குறையன்று.

ம. எழுதியது:

கையுறைக்கு நானும் வாக்களிக்கிறேன். ஆனால் பெயரைவிட அந்தப் பக்கத்தில் விட்டுப்போகக் கூடாதவை சில.

இறங்கிய நிலையில் கிடக்கும் பேட்டரியில் தகட்டின் மேல் ஈய சல்பேட் படிகம் இறுகும்; பிறகு ஏற்றினாலும் கரையாது. ஓய்வு நிலையில் 12.4 வோல்ட்டுக்குக் கீழே போகவிடக் கூடாது என்பது அதனால்தான். கடிகாரமும் திருட்டு எச்சரிப்பானும் சேர்ந்து 10 மில்லியாம்பியர் இழுத்தால் நாளுக்கு 0.24 ஆம்பியர்-மணி, 8 ஆம்பியர்-மணி பேட்டரி ஒரு மாதத்தில் ஏறத்தாழ காலி. காலியான பேட்டரியின் அமிலம் ஏறத்தாழ நீர்தான்: -10 பாகை செல்சியஸ் அளவிலேயே உறைந்து பெட்டியைப் பிளக்கும். முழுதும் ஏறியது -50இலும் உறையாது.

13.5 என்பது 25 பாகைக்குச் சொன்ன கணக்கு. குளிர் ஒரு பாகை கூடினால் ஏறத்தாழ 20 மில்லிவோல்ட் கூட வேண்டும். 0 பாகையில் 14 வோல்ட். வெப்பநிலையை அறிந்து தானே சரிசெய்துகொள்ளும் கருவியா என்று பார்த்து வாங்கச் சொல்லுங்கள். அல்லது பேட்டரியைக் கழற்றிக் குளிரான, உறையாத அறைக்குள் கொண்டுவரட்டும். கழற்றும்போது எதிர்முனை முதலில், மாட்டும்போது எதிர்முனை கடைசியில். மாற்றிச் செய்தால், நேர்முனையைத் திருகும் ஸ்பேனர், எதிர்முனையோடு இணைந்த வண்டியின் சட்டத்தில் பட்டுக் குறுக்குச்சுற்று ஆகும்.

‘வாரம் ஒருமுறை பத்து நிமிடம் எஞ்சினை ஓடவிடுங்கள்’ என்ற வரி மூலத்தில் இருந்தால் ஓர் அடிக்குறிப்பு போடுங்கள். வெறும் ஓட்டத்தில், ஸ்டார்ட்டர் தின்றதையே மின்னாக்கி (ஆல்டர்னேட்டர்) திருப்பித் தருவது ஐயம். எஞ்சின் எண்ணெயிலும் புகைக்குழாயிலும் ஈரம் தேங்குவதுதான் மிச்சம்.

இ. எழுதியது:

ம. ஐயா சொன்னதே என் வாதத்துக்கு வலு. கருவி வாங்கப் போகிறவர் ‘மின்னோம்பி’ என்று கேட்டால் என்ன கிடைக்கும்? ‘பராமரிப்பு மின்னேற்றி’ என்று எழுதி, முதல் முறை வரும் இடத்தில் ‘பேட்டரி மெயின்டெய்னர்’ என்றும் சேர்த்துவிடுங்கள். ‘பேட்டரி’யையும் விட்டுவிடலாம், வேற்றுமொழிச் சொல்லைத் தமிழ் எழுத்தில் ஏற்கும் வழியைத் தொல்காப்பியரே திறந்துவைத்திருக்கிறார்.

த. எழுதியது:

அவர் திறந்தது வடசொல்லுக்கு. பேட்டரி எந்தத் திசையிலிருந்து வந்தது? ‘பராமரிப்பு’ம் வடமொழிதான். ஒரு சொல்லாக்கத்தில் இரண்டு இரவல்!

க. எழுதியது:

இங்கே எழுதாமல் வாக்கு மட்டும் போட்டவர்களையும் சேர்த்து எண்ணிப் பார்த்துவிட்டேன். பராமரிப்பு மின்னேற்றிக்கு நால்வர், பேணிக்கு ஒருவர், மின்னோம்பிக்கு த. ஐயா. சொட்டு மின்னேற்றி, மிதவை மின்னேற்றி, பராமரிப்பு மின்னேற்றி என்று மூன்றையும் பூட்டிவிட்டேன். கலைச்சொல் பட்டியலில் மட்டும் மூன்றாவதற்கு எதிரே ‘மின்னோம்பி எனவும் வழங்கலாம்’ என்று ஒரு வரி.

ம. எழுதியது:

ஒன்று விட்டுப்போயிற்று. லித்தியம் இரும்பு பாஸ்பேட் பேட்டரிக்கு இந்த மூன்றுமே அப்படியே பொருந்தாது. சல்பேட்டை உடைக்க உயர் அழுத்தத் துடிப்பு தரும் கருவியை அதில் மாட்டக் கூடாது. உறைநிலைக்குக் கீழே ஏற்றவும் கூடாது. தன்னிழப்பு மிகக் குறைவு என்பதால் ஏற்றிவிட்டு முனையைக் கழற்றிவைத்தாலே போதும்.

த. எழுதியது:

ஓம்பத் தேவையில்லாத பேட்டரி என்கிறீர்கள். சரி. ‘வழங்கலாம்’ என்பதை ‘வழங்கும்’ என்று திருத்த முடியுமா, க. அம்மா?

க. எழுதியது:

கோப்பு அனுப்பியாகிவிட்டது, ஐயா.