யாயா டூரே ஏன் இத்தனை கிளப் சுற்றினார்? அகாடமிக்கு என்ன கிடைக்கும்?

கடைசிபெஞ்ச்:
ஐவரி கோஸ்ட் மிட்ஃபீல்டர் யாயா டூரேயின் பாதை இது: அந்நாட்டின் அபிஜான் நகரில் ஆசெக் மிமோசாஸ், 2001-ல் பெல்ஜியத்தின் பெவரன், பிறகு உக்ரைனில் மெட்டலூர் டொனெட்ஸ்க், 2005-ல் ஒலிம்பியாகோஸ், 2006-ல் மொனாக்கோ, 2007-ல் பார்சிலோனா, 2010-ல் மான்செஸ்டர் சிட்டி. அண்ணன் கோலோ மட்டும் 2002-ல் ஆசெக்கிலிருந்து நேராக இங்கிலாந்தின் ஆர்சனல் போனார். தம்பிக்கு ஏன் இந்தச் சுற்று? இன்னொரு சந்தேகம்: ஒருவர் பெரிய தொகைக்கு விற்கப்படும்போது, சின்ன வயதில் வளர்த்த அகாடமிக்குக் காசு வருமா?

ஆஃப்சைடு_பொறி:
ஆட்டத்தில் குறையில்லை, வொர்க் பெர்மிட்தான் சிக்கல். அன்றைய இங்கிலாந்து விதிப்படி, வீரரின் நாடு ஃபிஃபா தரவரிசையில் முதல் 70-க்குள் இருக்க வேண்டும். அதோடு முந்தைய 2 வருடத்தில் அந்த நாட்டின் போட்டி ஆட்டங்களில் 75 சதவீதமாவது அவர் ஆடியிருக்க வேண்டும். நட்பு ஆட்டம் கணக்கில் வராது. கோலோ 2000-லிருந்தே ஐவரி கோஸ்ட் சீனியர் அணியில் இருந்தார். யாயா 2003 கோடையில் ஆர்சனல் ட்ரையலில் பார்னெட்டுக்கு எதிராக ஆடினார், அதுவும் முன்வரிசையில். அப்போது அவருக்கு ஒரு சீனியர் சர்வதேச ஆட்டம்கூடக் கிடையாது, முதல் ஆட்டமே 2004-ல்தான்.

பெல்ஜியத்தில் வெளிநாட்டு வீரர்களுக்கு எண்ணிக்கை வரம்பு இல்லை. ஆசெக் அகாடமியை உருவாக்கிய ஜான்-மார்க் கியூவே பெவரனுக்கும் வந்ததால் அபிஜான் பையன்கள் கூட்டமாக அங்கே இறங்கினார்கள். அவர்களில் ஒருவரான எபுவே அங்கிருந்துதான் 2005 ஜனவரியில் ஆர்சனல் போனார். பிரான்ஸ் கணக்கு வேறு: ஐரோப்பிய யூனியனுக்கு வெளியே இருந்து 4 பேர்தான் என்று வரம்பு இருந்தது, ஆனால் கோட்டோனு ஒப்பந்த (ஐரோப்பிய யூனியன் ஆப்பிரிக்க, கரீபிய, பசிபிக் நாடுகளோடு போட்டது) நாட்டினரை அதில் சேர்க்கவில்லை. மேற்கு ஆப்பிரிக்காவே அந்த ஒப்பந்தத்தில் இருந்ததால், மொனாக்கோவுக்கு யாயா அந்த 4 இடங்களில் ஒன்றையும் அடைக்கவில்லை.

யாயா சுற்றிய சுற்று வீண் இல்லை. ஒலிம்பியாகோஸில் சாம்பியன்ஸ் லீக், ஒரே சீசனில் கிரீஸ் லீக், கோப்பை இரண்டும். அடுத்து 2006 உலகக் கோப்பை. 2010-ல் சிட்டி கூப்பிட்டபோது பெர்மிட் ஒரு பிரச்சினையே இல்லை.

இடதுகால்:
இப்போது அந்த 75 சதவீத விதி அப்படியே இல்லை. 2021 ஜனவரி 1 முதல் இங்கிலாந்தில் புள்ளி முறை: தரவரிசையில் மேலே உள்ள நாட்டின் அணியில் போதிய ஆட்டம் ஆடியவருக்கு நேரடி அனுமதி, மற்றவர்கள் 15 புள்ளி சேர்க்க வேண்டும். எந்த லீக், எத்தனை நிமிடம், கிளப் எந்த ஐரோப்பியப் போட்டியில் ஆடியது என்று பார்ப்பார்கள். ஆகவே பெல்ஜியத்தில் பெஞ்சில் உட்கார்ந்தால் பயனில்லை, ஆட வேண்டும். 2023 முதல் பிரீமியர் லீக் கிளப்புக்கு 4 பேர் வரை தகுதிக்குக் கீழே எடுக்க வழி வந்தது. 2003 யாயாவுக்கு அது கிடைத்திருந்தால் டொனெட்ஸ்க் பக்கமே போயிருக்க மாட்டார்!

பாஸ்புக்:
இரண்டாவது கேள்விக்கு வருகிறேன். ஒப்பந்தம் முடியும் முன்பே காசு கொடுத்து வேறு நாட்டுக் கிளப் வாங்கினால், தொகையில் 5 சதவீதம் வளர்த்த கிளப்களுக்குப் போக வேண்டும். 12 முதல் 15-வது பிறந்தநாள் வரும் சீசன்களுக்குத் தலா 0.25 சதவீதம், 16 முதல் 23 வரை தலா 0.5 சதவீதம்.

யாயா பிறந்தது 1983 மே. 1996-ல் ஆசெக்கில் சேர்ந்ததாக எடுத்துக்கொண்டால், ஒவ்வொரு 1 கோடி யூரோவுக்கும் ஆசெக்குக்கு 2 லட்சம் (0.25 வீதம் 2 சீசன், 0.5 வீதம் 3 சீசன்). பெவரனுக்கும் டொனெட்ஸ்க்குக்கும் சுமார் ஒரு லட்சம் வீதம், நடு சீசனில் மாறினால் நாள் கணக்கில் பிரியும். ஒலிம்பியாகோஸுக்கு 50,000. மொனாக்கோவுக்குப் பூஜ்யம், ஏனென்றால் அங்கே போனபோது 23-வது பிறந்தநாள் சீசன் முடிந்துவிட்டது.

கடைசிபெஞ்ச்:
பாவம் மொனாக்கோ. 12, 13 வயதுப் பங்கு?

பாஸ்புக்:
மொனாக்கோவுக்கு என்ன பாவம், விற்ற காசே வந்ததே. 12, 13 வயதுக்கான 50,000, அப்போது அவரைப் பதிவு செய்திருந்த கிளப்புக்கு. தெரு அணியில் பதிவில்லாமல் ஆடியிருந்தால் கேட்க ஆளில்லை.

பல ஆப்பிரிக்க அகாடமிகள் கோட்டைவிடுவது இங்கேதான். பையன் ஆடியிருப்பான், கூட்டமைப்பில் பதிவு இருக்காது. அல்லது பெயர் ஒரு இடத்தில் ஒரு மாதிரி, பிறந்த தேதி இன்னொரு மாதிரி. 2022 நவம்பர் முதல் ஃபிஃபா கிளியரிங் ஹவுஸ் பாரிஸிலிருந்து இந்தப் பணத்தைப் பிரிக்கிறது, ஆதாரம் மின்னணு வீரர் பாஸ்போர்ட், அதாவது எந்த சீசனில் எந்தக் கிளப்பில் பதிவு என்ற பட்டியல். அது பரிசீலனையில் இருக்கும்போதே விடுபட்ட சீசனைக் கூட்டமைப்பு வழியாகச் சேர்க்க வேண்டும். இறுதியான பிறகு ஒரு பழைய அணிப் புகைப்படத்தைக் காட்டி வாதாடி ஒன்றும் ஆகாது.

ஒப்பந்தம் முடிந்து இலவசமாகப் போனால் இந்த 5 சதவீதம் கிடையாது. 2018-ல் யாயா சிட்டியிலிருந்து மறுபடி ஒலிம்பியாகோஸ் போனது அப்படித்தான்.